மரவள்ளி மாவில் வளையும் சர்க்யூட்: நமுத்துப்போகாமல் செய்வது எப்படி

பயோபிளாஸ்டிக் செய்முறை என்று தேடினால் எங்கே பார்த்தாலும் ஒரே சமையல்தான். மாவு, தண்ணீர், கிளிசரின், கொஞ்சம் வினிகர். அடுப்பில் வைத்துக் கிளறு, தட்டில் ஊற்று, காயவை. பொம்மையோ சாவிக்கொத்தோ செய்ய அது போதும். அதே படலத்தின் மேல் செம்பு நாடாவை ஒட்டி ஒரு எல்.இ.டி.யை எரிய வைத்துப் பாருங்கள். முதல் நாள் அழகாக எரியும். கொஞ்ச நாளில் நாடாவின் ஓரத்தில் பச்சையாகக் களிம்பு ஏறும், காற்றில் ஈரம் கூடினால் படலம் தொய்ந்து நெளியும், ஒன்றோடொன்று தொடாத இரண்டு பாதைகளுக்கு நடுவே மின்சாரம் கசியத் தொடங்கும். நான் முதலில் செய்த படலங்கள் எல்லாம் இப்படித்தான் போயின. வளைகிற படலம் செய்வது சுலபம். மின்சாரத்தைத் தாங்குகிற படலம் செய்வது வேறு வேலை, அந்த வேலையைத்தான் இங்கே சொல்கிறேன்.

இதன் முடிவில் கையில் இருக்க வேண்டியது: உள்ளங்கை அகலத்தில், 0.15 மில்லிமீட்டருக்குள் தடிமன் உள்ள மரவள்ளி ஸ்டார்ச் படலம், அதன் மேல் கிராஃபைட் மையால் போட்ட பாதை, ஒரு சிவப்பு எல்.இ.டி., ஒரு காசு பேட்டரி. மார்க்கர் பேனாவைச் சுற்றி வளைத்தாலும் எரிய வேண்டும். வேலை முடிந்ததும் சலவை சோடாத் தண்ணீரில் ஊறப்போட்டால் எல்.இ.டி. தனியாகக் கழன்று வர வேண்டும். அந்தக் கடைசி வரியை மனதில் வைத்துத்தான் ஒவ்வொரு பொருளையும் தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று கேட்டால், 2022இல் மட்டும் உலகத்தில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன், அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 சதவீதம். இன்று வளையும் சர்க்யூட்டுகள் பெரும்பாலும் பாலிஇமைடு என்ற பொன்னிறப் பிளாஸ்டிக்கின் மேல் வருகின்றன. 300 டிகிரி சூட்டையும் அது தாங்கும், அதனால்தான் எல்லாருக்கும் பிடிக்கும். அதே உறுதியால்தான் மண்ணில் போட்டாலும் மக்காமல் கிடக்கும். பத்து வருடம் ஓட வேண்டிய கருவிக்கு அது நியாயம். நாற்றுத் தட்டில் இரண்டு மாதம் ஈரம் பார்க்கிற உணரிக்கும், பழப்பெட்டியோடு ஒரு வாரம் பயணம் செய்கிற சூடுகாட்டிக்கும் எதற்கு அந்த ஆயுள்? ஆகவே எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒரு காகிதத்தில் எழுதுங்கள்: இந்தப் பொருள் எத்தனை நாள் வாழ வேண்டும், எவ்வளவு ஈரத்தில், எவ்வளவு சூட்டில். பதில் “ஐந்து வருடம், வெளியே, மழையில்” என்றால் ஸ்டார்ச் வேண்டாம், இந்தக் குறிப்பை இங்கேயே மூடிவிடலாம்.

இன்னொன்று. பயோ என்ற சொல்லை மட்டும் நம்பி எதையும் வாங்காதீர்கள். கரும்பிலிருந்து எடுத்த மூலப்பொருளில் செய்த பெட் பாட்டிலும் பயோபிளாஸ்டிக் என்றே விற்கப்படுகிறது, ஆனால் மக்குவதில் சாதாரண பெட்டுக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. முப்பரிமாண அச்சுக்காரர்கள் பயன்படுத்தும் பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக் மக்கும்தான், அதுவும் 60 டிகிரிக்குப் பக்கமாகச் சூடு நிற்கிற தொழிற்சாலை உரக்குழியில். வீட்டுத் தோட்டத்து மண்ணில் புதைத்தால் வருடக்கணக்கில் அப்படியே இருக்கும். போதாததற்கு அது இளகத் தொடங்குவதும் ஏறக்குறைய அதே 60 டிகிரியில்தான், வெயிலில் நிறுத்திய கார் போதும்.

சரி, சாமான்.

ஸ்டார்ச்சைப் பொறுத்தவரை மரவள்ளியை நான் விட மாட்டேன். கொழுப்பும் புரதமும் மிகக் குறைவு என்பதால் படலம் கண்ணாடி மாதிரித் தெளிவாக வரும். சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளில் கிழங்கிலிருந்து பிரித்தெடுக்கிற ஸ்டார்ச்தான் வேண்டும், கிழங்கைக் காயவைத்து அரைத்த மாவு கூடாது, அதில் நாரும் உப்பும் இருக்கும். நல்ல ஸ்டார்ச் கிடைத்தாலும் ஒரு முறை கழுவிக்கொள்ளுங்கள். டிஸ்டில்ட் வாட்டரில் கரைத்துவிட்டு ஒரு மணி நேரம் விட்டால் மாவு அடியில் படியும், மேல் தண்ணீரை இறுத்துவிட்டு இன்னொரு முறை அதேபோல. வழக்கமான செய்முறைகளில் இந்தக் கழுவலைப் பார்ப்பது அரிது, ஏனென்றால் பொம்மை செய்கிறவர்களுக்கு உப்பு ஒரு பொருட்டே இல்லை. நமக்கு உப்புதான் முதல் எதிரி: அது அயனியாகப் பிரிந்து படலத்தில் இருக்கிற துளி ஈரத்தையும் மின்கடத்தியாக மாற்றிவிடும். போர் தண்ணீர் தொடவே கூடாது. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரே போதும்.

மற்றவை: மருந்துக்கடை கிளிசரின், கடல்பாசி, அதாவது இனிப்பு செய்ய வாங்குகிற அகர் அகர், தச்சர்கள் பாலிஷுக்கு வாங்கும் அவலரக்கு, கடையில் ஷெல்லாக் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள், அதைக் கரைக்க ஸ்பிரிட், அதாவது ஆல்கஹால், சில சொட்டு விளக்கெண்ணெய், கிராஃபைட் தூள், கொஞ்சம் கார்பன் பிளாக், அதாவது மிக நுண்ணிய கரித்தூள், ஓ.எச்.பி. ஷீட் என்று ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் ஒளிபுகும் பாலியெஸ்டர் தாள், 0.01 கிராம் காட்டும் சின்ன நகைத் தராசு. வினிகர் வேண்டாம். வினிகர் ஸ்டார்ச்சின் கிளைச் சங்கிலிகளை உடைத்துப் படலத்தைச் சீராக்கும் என்பது உண்மைதான், ஆனால் உள்ளே தங்கிவிடுகிற அமிலம்தான் செம்பில் களிம்பாக வெளியே வருகிறது. அது தருகிற உறுதியைக் கடல்பாசியிலிருந்து வாங்கிக்கொள்ளலாம்.

ஜவ்வரிசி வற்றல் போடுகிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அடுத்த பகுதி பாதி தெரிந்ததுதான். 30 மி.லி. தண்ணீரில் 0.5 கிராம் கடல்பாசியைப் போட்டுக் கொதிக்கவிட்டு முழுக்கக் கரையுங்கள். வேறு பாத்திரத்தில் 70 மி.லி. தண்ணீர், 5 கிராம் ஸ்டார்ச், 1.5 கிராம் கிளிசரின், இவற்றைக் கட்டியில்லாமல் கலக்கி, தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சூடாக்குங்கள், நேரடி அடுப்பில் வைத்தால் அடிப்பிடிக்கும். 60, 65 டிகிரி தாண்டியதும் பால் மாதிரி இருந்தது திடீரெனக் கெட்டியாகி, வெளுப்பு போய், கண்ணாடிக் கூழாக மாறும். பலரும் அங்கேயே அடுப்பை அணைத்துவிடுகிறார்கள். கூடாது. உள்ளே பாதி வெந்த மணிகள் இருக்கும், அவைதான் பின்னால் படலத்தில் வெள்ளைப் புள்ளியாக நின்று, வளைக்கும்போது அங்கிருந்துதான் கிழியும். 85 முதல் 90 டிகிரியில் வைத்து இன்னும் 15 நிமிடம், மூடி போட்டு, மெதுவாகக் கிளறுங்கள். வேகமாகக் கிளறினால் குமிழி சேரும். கடைசியில் சூடான கடல்பாசிக் கரைசலை இதில் சேர்த்துக் கலக்கி, ஆவியாகிப்போன அளவுக்குத் தண்ணீரையும் ஈடுகட்டிவிடுங்கள்.

கிளிசரின் அளவு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆறிய சாதம் விறைத்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். ஸ்டார்ச் சங்கிலிகள் ஒன்றையொன்று தேடிப் பிடித்து மறுபடி இறுகிக்கொள்வதால் வருவது அது, நம் படலத்துக்குள்ளும் வாரக்கணக்கில் அதேதான் நடக்கும். கிளிசரின் நடுவில் புகுந்து அந்தப் பிடியைத் தளர்த்துகிறது, அதனால்தான் வளைகிறது. அதே கிளிசரின் காற்றில் இருக்கிற ஈரத்தையும் இழுத்து உள்ளே வைத்துக்கொள்ளும். ஆகவே வளைவு கூடக் கூட நமுத்தலும் கூடும், நன்றாக வளையவும் வேண்டும் நமுக்கவும் கூடாது என்றால் இரண்டையும் ஒருசேரப் பெற முடியாது. ஸ்டார்ச் எடையில் 20 சதவீதத்துக்குக் கீழே போனால் அப்பளம் மாதிரி நொறுங்கும், 40ஐத் தாண்டினால் மேல்பரப்பு வியர்த்துப் பிசுபிசுக்கும், எந்த மையும் ஒட்டாது. நான் 30இல் நிற்கிறேன். உங்கள் ஊர் வறண்ட ஊர் என்றால் 35 வரை போங்கள், கடலோரம் என்றால் 25 போதும்.

ஊற்றுவதற்கு 20 செ.மீ. சதுரக் கண்ணாடியின் மேல் ஓ.எச்.பி. தாளைச் சுருக்கமில்லாமல் ஒட்டி, நான்கு பக்கமும் வரப்பு மாதிரி விளிம்பு கட்டுங்கள். கொத்தனாரின் ரசமட்டம் ஒன்றைக் கடன் வாங்கி மட்டம் பாருங்கள், ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் தடிமன் ஓர் ஓரத்தில் இரண்டு மடங்காகிவிடும். கூழ் சூடாக இருக்கும்போதே ஊற்றுங்கள், கடல்பாசி ஆறினால் உறைந்துவிடும். 100 மி.லி. கூழ் 400 சதுர செ.மீ. பரப்பில் இரண்டரை மில்லிமீட்டர் உயரம் நிற்கும். அதில் திடப்பொருள் 7 கிராம்தான் என்பதால் காய்ந்த பிறகு சுமார் 0.13 மி.மீ. படலம் வரும். தடிமனை மாற்ற வேண்டுமென்றால் இந்தக் கணக்கை வைத்துக் கூழின் அளவை மாற்றுங்கள், கூழின் செறிவை மாற்றாதீர்கள், கெட்டிக் கூழில் குமிழி வெளியேறாது. மேலே நிற்கிற குமிழிகளை ஊசியால் குத்திவிடலாம்.

காயவைக்க மொட்டைமாடி வெயில் வேண்டாம். மேல்பக்கம் மட்டும் சீக்கிரம் காய்ந்து சுருட்டிக்கொள்ளும். நிழலில், மேலே மெல்லிய துணி கட்டி, தூரத்தில் மின்விசிறி வைத்து ஒரு நாள் முதல் இரண்டு நாள். மழைக்காலத்தில் மூன்று நாள்கூட ஆகும். ஓரம் தானாகக் கிளம்பத் தொடங்குகிற நேரம்தான் உரிக்கிற நேரம். உரித்ததை இரண்டு தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகம் வைத்து ஒரு ராத்திரி விடுங்கள்.

இப்போது கையில் இருப்பது கண்ணாடிக் காகிதம் மாதிரி அழகாக இருக்கும். இதன் மேல் உடனே சர்க்யூட் போட ஆசை வரும். போடாதீர்கள். முதலில் சோதித்துப் பாருங்கள்.

சோதனைக்குச் செலவே இல்லை. மூடி இறுக்கமான ஒரு டப்பாவில் சமையல் உப்பைத் தண்ணீர் விட்டுச் சேறு மாதிரி குழைத்து, ஒரு சின்னக் கிண்ணத்தில் வையுங்கள். உப்புச் சேறு இருக்கிற மூடிய டப்பாவுக்குள் காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிலைத்து நிற்கும், ஆய்வகங்களிலும் இதே முறையில் ஈரப்பதக் கருவிகளைச் சரிபார்க்கிறார்கள். படலத்தில் ஒரு துண்டை எடை போட்டு, உப்பின் மேல் படாமல் உள்ளே தொங்கவிட்டு, மறுநாள் மறுபடி எடை போடுங்கள். எவ்வளவு ஈரம் குடித்தது என்று தெரியும். இன்னொரு துண்டில் 5 மி.மீ. இடைவெளியில் இரண்டு செம்பு நாடாக்களை ஒட்டி, டப்பாவில் வைப்பதற்கு முன்னும் பின்னும் மல்டிமீட்டரில் மெகா ஓம் அளவையில் வைத்துப் பாருங்கள். முன்னால் எதுவும் காட்டாத மீட்டர் பின்னால் சில மெகா ஓம் காட்டினால் அது கசிவு. எல்.இ.டி. எரிய அது தடையே இல்லை, 3 வோல்ட்டில் ஒரு மெகா ஓம் வழியாகக் கசிவது 3 மைக்ரோ ஆம்பியர்தான். ஆனால் நாளை இதே படலத்தில் ஒரு உணரி போட நினைத்தால், உணரி தரும் சிக்னலே அந்த அளவில்தான் இருக்கலாம்.

ஈரத்தைத் தடுக்கத்தான் அரக்கு. பூச்சி சுரக்கிற பிசின், நம் ஊரில் முத்திரை வைக்கவும் வளையல் செய்யவும் காலங்காலமாகப் பயன்பட்டது. தண்ணீரில் கரையாது, ஸ்பிரிட்டில் கரையும். ஸ்டார்ச்சோ நேரெதிர், ஸ்பிரிட்டில் கரையாது. அதனால் அரக்கைப் பூசும்போது அடியில் இருக்கிற படலம் குலையாது, இந்த ஜோடி பொருந்துவதற்குக் காரணமே அதுதான். 50 மி.லி. ஸ்பிரிட்டில் 10 கிராம் அவலரக்கைப் போட்டு மூடி வைத்தால் மறுநாள் கரைந்திருக்கும், மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். அரக்கு மட்டும் தனியாக இருந்தால் வளைக்கும்போது விரிசல் விடும், அதனால் அரை கிராம் முதல் ஒரு கிராம் வரை விளக்கெண்ணெய் சேருங்கள். பக்கத்தில் அடுப்போ ஊதுபத்தியோ எதுவும் எரியக் கூடாது, ஜன்னலைத் திறந்து வையுங்கள். அகலத் தூரிகையில் மெல்லியதாக ஒரு பூச்சு, காய்ந்ததும் இன்னொன்று, அப்புறம் பின்பக்கமும் அதேபோல. ஒரு பக்கம் மட்டும் பூசினால் படலம் சுருளும். வெட்டு விளிம்புகளை மறந்துவிடாதீர்கள், ஈரம் அந்த வழியாகத்தான் உள்ளே போகும். பூசிய துண்டை மறுபடி உப்பு டப்பாவில் வைத்து எடை பாருங்கள். அரக்கு ஈரத்தை முழுக்க நிறுத்தாது, தாமதப்படுத்தும். எத்தனை நாள் தாமதம் என்பதை எடையைக் குறித்துக்கொண்டே போய் நீங்களே அளந்துவிடலாம், முதலில் காகிதத்தில் எழுதிய ஆயுளோடு அதை ஒப்பிடுங்கள்.

மை. சந்தையில் வெள்ளி மை கிடைக்கும், நன்றாகவே கடத்தும், விலையைப் பார்த்தால் மாணவர்கள் கைவைக்க முடியாது. கிராஃபைட், கார்பன் பிளாக், அரக்கு மூன்றையும் சேர்த்து மை செய்யலாம் என்பதை சுவிட்சர்லாந்தின் எம்பா ஆய்வகக் குழு 2021இல் வெளியிட்டது, நானும் அந்த வழியில்தான் போகிறேன். முகக்கவசம் போட்டுக்கொண்டு, நான்கு பங்கு கிராஃபைட் தூளுக்கு ஒரு பங்கு கார்பன் பிளாக் என்று கலந்து, மேலே செய்த அரக்குக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, பற்பசை பதத்துக்கு நன்றாக அரையுங்கள். கிராஃபைட் தகடு தகடாக இருப்பது, தகடுகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியைக் கார்பன் பிளாக் நிரப்புகிறது. அரக்கு கூடிப்போனால் துகள்கள் ஒன்றையொன்று தொடாது, குறைந்தால் காய்ந்ததும் உதிரும். அரக்கை எவ்வளவு குறைத்துக்கொண்டு உதிராமல் நிற்க வைக்க முடிகிறது என்று மூன்று நான்கு சின்ன மாதிரிகள் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

ஓ.எச்.பி. தாளில் பாதையின் வடிவத்தை வெட்டி அச்சுத்தாளாக வைத்து, பழைய ஏ.டி.எம். கார்டால் மையை ஒரே இழுப்பில் இழுங்கள். ஒரே இழுப்பு என்பதில் கண்டிப்பாக இருங்கள். மையில் இருக்கிற ஸ்பிரிட் அடியில் இருக்கிற அரக்குப் பூச்சை லேசாக இளக்கி அதோடு பிணைந்துகொள்ளும், அதனால்தான் இவ்வளவு நன்றாக ஒட்டுகிறது. திரும்பத் திரும்பத் தேய்த்தால் அதே காரணத்தால் பூச்சு கிளம்பி எல்லாம் கலங்கிவிடும்.

பாதையின் மின்தடையைச் சதுரக் கணக்கில் பாருங்கள். 3 மி.மீ. அகலம், 30 மி.மீ. நீளம் என்றால் 3 மி.மீ. சதுரங்கள் பத்து வரிசையாக நிற்பதாக அர்த்தம். மீட்டர் 500 ஓம் காட்டினால் ஒரு சதுரத்துக்கு 50. வேறு எந்த அளவில் பாதை போட்டாலும் சதுரங்களை எண்ணிப் பெருக்கினால் போதும். சிவப்பு எல்.இ.டி. 1.9 வோல்ட் அளவு எடுத்துக்கொள்ளும், சி.ஆர். 2032 என்ற காசு பேட்டரி 3 வோல்ட், மிச்சம் 1.1 வோல்ட் 500 ஓமில் விழுந்தால் 2 மில்லி ஆம்பியருக்குக் கொஞ்சம் மேலே ஓடும். எல்.இ.டி. தெளிவாகத் தெரிய அது போதும், தனியாக ரெசிஸ்டர் வைக்கத் தேவையில்லை, பாதையே ரெசிஸ்டர். நீலம், வெள்ளை எல்.இ.டி. வேண்டாம், அவற்றுக்கே 3 வோல்ட் அளவு வேண்டும்.

பற்றவைக்க சால்டரிங் இரும்பை எடுக்காதீர்கள். வெள்ளீயமும் காரீயமும் சேர்ந்த பழைய சால்டர் உருகவே 183 டிகிரி, காரீயம் இல்லாதது 217ஐத் தாண்ட வேண்டும், இரும்பின் முனை அதற்கும் மேலே. அரக்கு 80 டிகிரிக்குள்ளேயே இளகிவிடும். எல்.இ.டி.யின் இரண்டு கால்களையும் அதே கிராஃபைட் மையால் பொட்டு வைத்து ஒட்டி, காய்ந்ததும் மேலே வெறும் அரக்கு ஒரு சொட்டு. பரப்பின் மேலேயே ஒட்டுகிற, 1206 அளவுள்ள (சுமார் 3.2 × 1.6 மி.மீ.) சின்ன எல்.இ.டி. நன்றாக உட்காரும். பேட்டரியை ஒட்டாமல் மடிப்புக்குள் செருகி கிளிப் போடுங்கள், அதை எப்போதும் தனியாகக் கழற்ற முடிய வேண்டும், வீட்டில் குழந்தைகள் இருந்தால் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

வளைத்துப் பார்க்கும்போது படலத்தின் வெளிப்பரப்பு எவ்வளவு இழுபடுகிறது என்பதற்கு எளிய கணக்கு இருக்கிறது: தடிமனை, வளைவு விட்டத்தால் வகுக்க வேண்டும். 0.15 மி.மீ. படலத்தை 7 மி.மீ. பென்சிலில் சுற்றினால் இரண்டு சதவீதத்துக்குச் சற்று மேலே, 20 மி.மீ. மார்க்கரில் சுற்றினால் ஒரு சதவீதத்துக்கும் கீழே. கிராஃபைட் மைக்கு இரண்டு சதவீதமே அதிகம். முதலில் மார்க்கரில் நூறு முறை சுற்றி எடுத்து, பத்துப் பத்து முறைக்கு ஒரு தடவை மின்தடையைக் குறியுங்கள். பென்சில் அளவுக்கு வளைய வேண்டுமென்றால் மையைக் கெட்டியாக்கிப் பயனில்லை. அதே தடிமனுள்ள இன்னொரு படலத்தை மேலே வைத்து அரக்கால் ஒட்டுங்கள். அப்போது மை இரண்டுக்கும் நடுவே வந்துவிடும், வளையும்போது வெளிப்பக்கம் இழுபடும், உள்பக்கம் அமுங்கும், நடுவில் இருப்பது இரண்டும் இல்லாமல் தப்பிக்கும். ஈரத்துக்கும் இன்னொரு தடுப்பு கிடைத்தமாதிரி.

கல்லூரி ஆய்வகம் கையில் இருப்பவர்கள் இங்கே நிற்க வேண்டாம். சூடு தாங்காததுதான் ஸ்டார்ச்சின் பெரிய குறை, அதற்கு வாழை நார் மாதிரியான கழிவிலிருந்து நானோ செல்லுலோஸ், அதாவது செடி நாரின் மிக நுண்ணிய இழைகளை எடுத்துப் படலம் போடுவது நல்ல வழி. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகக் குழு 2015இலேயே மரத்திலிருந்து எடுத்த நானோ செல்லுலோஸ் படலத்தின் மேல் சிப் வைத்துக் காட்டியிருக்கிறது. ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரப் பல்கலைக்கழகத்தில் 2022இல் காளானின் பூஞ்சைத் தோலையே சர்க்யூட் பலகையாக்கினார்கள், அது 200 டிகிரிக்கு மேலும் தாங்கியது, அதாவது சால்டர் செய்யலாம். இறால் ஓட்டிலிருந்து வரும் கைட்டோசானும் நல்ல படலம் தரும், ஆனால் அதைக் கரைக்க அமிலம் வேண்டும், மறுபடி களிம்புப் பிரச்சினைக்கே வந்து சேருவோம், நன்றாகக் கழுவி நடுநிலைப்படுத்தாமல் செம்பைப் பக்கத்தில் கொண்டுவராதீர்கள்.

கடைசி வேலை, பிரிப்பது. பேட்டரியைக் கழற்றி மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். மீதியை, இளஞ்சூடான தண்ணீரில் ஒரு கரண்டி சலவை சோடா போட்டு அதில் ஊறவையுங்கள். அரக்கு காரத்தில் கரையும், அடியில் இருக்கும் ஸ்டார்ச் ஊதிப் பெருகும், சில மணி நேரத்தில் எல்.இ.டி. கையோடு வந்துவிடும். கழுவித் துடைத்து மீட்டரில் பார்த்துவிட்டு அடுத்த படலத்துக்கு எடுத்து வையுங்கள். மை ஒட்டாத வெறும் படலத் துண்டுகள் சிலவற்றைக் கொசுவலைப் பையில் போட்டு, தொட்டி மண்ணில் ஒரு சாண் ஆழத்தில் புதைத்து, வாரம் ஒரு முறை எடுத்து மண்ணைத் தட்டிக் காயவைத்து எடை போடுங்கள். அரக்குப் பூசியது ஒரு பை, பூசாதது ஒரு பை. பூசியது எவ்வளவு தாமதமாகக் குறைகிறது என்பதை, உப்பு டப்பாவில் கிடைத்த எண்களுக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். அடுத்த முறை அரக்கு ஒரு பூச்சா இரண்டு பூச்சா என்று முடிவு செய்ய இந்த இரண்டு வரிசை எண்களும்தான் வேண்டும்.